தொழிற்சாலையில் பூட்டியதா, பின்னால் பூட்டியதா? ஒரு 1958 நேப்கோ பிக்கப்பின் பூர்வீகம்

அச்சாணி எழுதியது:

ஒரு 1958 செவ்ரலே அப்பாச்சி 3100 விற்பனைக்கு வந்திருக்கிறது. அரை டன் பிக்கப், 235 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம். இரண்டு முன் மட்கார்டுகளிலும் நேப்கோ பவர்-பேக் என்ற நான்கு சக்கர இயக்கத் தொகுப்பின் சின்னம் இருக்கிறது. விற்கும் குடும்பத்தார் சொல்வது இது: தாத்தா புது வண்டியாக எடுத்தபோதே இப்படித்தான் இருந்தது, தொழிற்சாலையிலேயே பூட்டி வந்தது. வண்டியைப் பார்த்த மெக்கானிக் அதை அடியோடு மறுக்கிறார். முன் அச்சு எழுபதுகளில் வேறு வண்டியிலிருந்து கழற்றிப் பூட்டியது, சின்னம் அதற்கும் பிறகு வாங்கி மாட்டியது என்கிறார்.

இரண்டு தரப்பும் மனதறிந்து பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. வாங்குவது என்று முடிவாகிவிட்டது, எனவே விலைபேச ஆதாரம் தேடவில்லை. பிரித்துக் கட்டும்போது வண்டியை எந்த நிலைக்குத் திருப்புவது என்பதுதான் என் கவலை. எதைப் பார்த்தால் தெளிவு கிடைக்கும்? எதில் கை வைக்கக் கூடாது?

பழைய வார்ப்பு எழுதியது:

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். சேஸிஸைக் கழுவாதீர்கள். நல்ல படமாக எடுத்து அனுப்பலாம் என்று தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பவர்கள் அழுக்கோடு சேர்த்து ஆதாரத்தையும் அடித்து அனுப்பிவிடுகிறார்கள்.

இனி பின்னணி. நேப்கோ என்பது மினியாபொலிஸ் நகரத்து நார்த்வெஸ்டர்ன் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர். செவ்ரலே, ஜிஎம்சி லாரிகளை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றும் தொகுப்பை அவர்கள் விற்றார்கள். முன் அச்சு, எஞ்சின் சக்தியை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், ஷாஃப்டுகள், இவற்றைச் சட்டத்தோடு (சேஸிஸோடு) பிணைக்கும் தாங்கிகள் எல்லாம் அதில் அடங்கும். பெரும்பாலான உதிரிகள் ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த உதிரிகளே என்பது அதன் பெரிய பலம். ஆரம்பத்தில் விற்பனையாளரின் பட்டறையிலோ வெளிப் பட்டறையிலோ பூட்டினார்கள். ஜிஎம்சி 1956-லும் செவ்ரலே 1957-லும் அதைத் தொழிற்சாலைத் தேர்வாகவே கொடுக்கத் தொடங்கின. 1960-ல் ஜெனரல் மோட்டார்ஸ் சொந்த அமைப்பைக் கொண்டுவந்தபோது அந்த உறவு முடிந்தது.

ஆக, உங்கள் 1958 வண்டி சண்டைக்கு மிகத் தோதான ஆண்டில் பிறந்திருக்கிறது. அந்த ஆண்டு தொழிற்சாலையிலும் பூட்டினார்கள், விற்பனையாளரும் பூட்டலாம், உரிமையாளரே தொகுப்பை வாங்கிக் கொட்டகையில் வைத்தும் பூட்டிக்கொள்ளலாம். மூன்றிலும் உதிரி ஒன்றே, சின்னமும் ஒன்றே.

1953 மாடல் அரை டன் செவ்ரலேயை யாராவது 'அசல் நேப்கோ' என்று காட்டியிருந்தால் வேலை எளிது. 1947-ல் தொடங்கி 1955 தொடக்கம்வரை வந்த அந்த வரிசையில் அரை டன் வண்டிக்கு ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடியிருக்கும். நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸை நுழைக்க வேண்டுமானால் பின் அச்சுவரை எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். 1955 மார்ச்சில் வந்த புதிய வரிசையில்தான் அரை டன்னுக்கும் திறந்த ஷாஃப்ட் கிடைத்தது. உங்கள் வண்டிக்கு அந்தத் தடை இல்லை, அதனால் அந்தக் குறுக்குவழியும் இல்லை.

கருப்புச் சட்டம் எழுதியது:

எனக்கு இதில் இவ்வளவு சிக்கல் தெரியவில்லை. 1957-க்குப் பிறகு தொழிற்சாலையிலேயே கிடைத்த பொருள். சின்னம் இருக்கிறது. முதல் உரிமையாளரின் குடும்பமே சாட்சி சொல்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? மறுப்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். எழுபதுகள் என்று மெக்கானிக் எதை வைத்துச் சொன்னார் என்று கேட்டீர்களா?

பழைய வண்டி என்றாலே 'பின்னால் ஒட்டியது' என்று சொல்லிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கேட்கும் குடும்பத்துக்கு மனம் நோகாதா?

லீஃப் பட்டை எழுதியது:

நோகும்தான். ஆனால் சின்னம் சாட்சி ஆகாது, நண்பரே. அதன் மறுவார்ப்பை இன்று யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அசல் சின்னமாகவே இருந்தாலும் அது தொகுப்போடு வந்த பொருள்தானே? தொகுப்பு எங்கே போனதோ அங்கே சின்னமும் போயிருக்கும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பழைய லாரியை விற்றுப் புதியது எடுக்கும்போது பவர்-பேக்கைக் கழற்றிப் புது வண்டியில் பூட்டிக்கொள்ளலாம் என்பதை நேப்கோ தன் விற்பனைப் பேச்சிலேயே சொன்னது. சட்டத்தில் நான்கே துளைகள் புதிதாகப் போட்டால் போதும் என்றும் விளம்பரம் செய்தது. கழற்றி மாற்றுவதற்கென்றே செய்த பொருளைப் பார்த்து 'இது இந்த வண்டியோடு பிறந்தது' என்று பார்வையிலேயே எப்படி முடிவு கட்டுவது?

ஃபோர்டு வண்டிகளில் இதே தகராறு இன்னும் பழையது. இண்டியானாபொலிஸின் மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் 1935-லிருந்து ஃபோர்டு லாரிகளை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தது. ஃபோர்டு தன் சொந்த நான்கு சக்கர பிக்கப்பை 1959-ல்தான் கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்தில் மோதி நொறுங்கிய மார்மன்-ஹெரிங்டன் வண்டிகளின் அச்சுகள் எத்தனையோ சாதாரண ஃபோர்டுகளுக்கு அடியில் குடியேறின. நிறுவனத்தின் பெயர்த் தகடும் சில நேரம் கூடவே போனது. தகட்டை மட்டும் நம்பி வாங்கியவர்கள் நீதிமன்றம்வரை போகும் அளவுக்கு மனம் கசந்திருக்கிறார்கள்.

துரு வேட்டை எழுதியது:

அச்சாணி, பேச்சை விட்டு வண்டிக்கு அடியில் போங்கள். விளக்கு, கம்பித் தூரிகை, மெழுகுக் குச்சி, மெல்லிய தாள் கொண்டுபோங்கள்.

முதலில் வார்ப்புத் தேதி, அதாவது அந்த உதிரியை உலோகத்தில் வார்த்த நாள். ஜெனரல் மோட்டார்ஸ் வார்ப்புகளில் மாதத்துக்கு ஒரு எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி எண் என்று பதித்திருப்பார்கள். ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். எஞ்சின் பிளாக், கியர்பாக்ஸ், பின் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவே இருக்கும் பற்சக்கரப் பெட்டி), முன் டிஃபரன்ஷியல் என நான்கு இடத்திலும் தேடுங்கள். படம் எடுத்தால் நிழல் ஏமாற்றும். தாளை வைத்து மெழுகால் தேய்த்து அச்செடுங்கள். 3-ஐயும் 8-ஐயும் தடுமாறாமல் பிரிக்க அதுவே நம்பகமான வழி.

அடுத்து வண்டி எண். ஓட்டுநர் கதவுக் கீல் தூணில் தகடு இருக்கும். 3ஏ என்றால் 3100 வரிசை, 58 ஆண்டு, அதன்பின் வரும் எழுத்து தொழிற்சாலை: எஃப் பிளின்ட், ஜே ஜேன்ஸ்வில், கே கன்சாஸ் சிட்டி, எஸ் செயின்ட் லூயிஸ், ஓ ஓக்லண்ட். வரிசை எண் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் 100001-ல் தொடங்கும். இதை வைத்து வண்டி ஆண்டின் தொடக்கத்தில் வந்ததா, கடைசியில் வந்ததா என்று மட்டும் மதிப்பிடலாம். சட்டத்தின் இடது தண்டிலும் அதே எண் இருக்கிறதா பாருங்கள். ஒட்டுப்போட்ட வண்டிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிடிபடும்.

மூன்றாவது, பற்சக்கர விகிதம். முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதமாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கெட்டித் தரையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஒரு சக்கரத்தைத் தரையில் நிறுத்தி மற்றதைத் தூக்கி முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். இரண்டும் பொருந்தாவிட்டால் மெக்கானிக் பக்கம் சாயலாம்.

கடைசியாக, என் அனுபவத்தில் மிக முக்கியமானது: ஒரே ஒரு தாங்கியைக் கழற்றி அதன் அடியில் என்ன பெயிண்ட் இருக்கிறது என்று பாருங்கள். சட்டத்தின் கருப்பு வழுவழுப்பாக, மணல் அரிக்காமல், அழுக்கு ஏறாமல் இருந்தால் வண்டி சாலையைப் பார்ப்பதற்கு முன்போ, பார்த்த கொஞ்ச காலத்திலோ பூட்டியிருக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் துருக்குழியும் தாங்கிக்கு அடியிலேயே இருந்தால், ஓடித் தேய்ந்த சட்டத்தின்மேல் பூட்டியது. பின்னால் அடித்த பெயிண்ட் தாங்கியைச் சுற்றித்தான் நிற்கும், அடியில் போகாது.

டிங்கர் மேசை எழுதியது:

கைவேலை தெரிகிறது, அதனால் தொழிற்சாலை இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். டாட்ஜ் 1957 முதல் 1959 வரை விற்ற ஸ்வெப்ட்சைட் பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்பக்கத்து நீண்ட துடுப்புகள் டாட்ஜின் இரண்டு கதவு ஸ்டேஷன் வேகனிலிருந்து எடுத்தவை. நிறுவனத்தின் தனிச்சிறப்புக் கருவிப் பிரிவு அதைக் கையால் வெட்டி, பொருத்தி, பற்றவைத்துச் செய்தது. இன்று ஒருவர் மேலே பூசிய பட்டிப் பூச்சைச் சுரண்டி வெல்டிங் தையலைப் பார்த்தால் உள்ளூர் பட்டறை வேலை என்றே சத்தியம் செய்வார். ஆனால் அது பட்டியலில் இருந்த மாடல்.

இதற்கு நேர்மாறாக 1955-ல் வந்த செவ்ரலே கேமியோ. வழுவழுப்பான பின்பக்கம் முழுவதும் தொழிற்சாலைத் தோற்றம்தான். பக்கத் தகடுகளோ ஓஹையோ மாநிலத்து ஆஷ்டபுலாவில் வெளி நிறுவனம் ஒன்று கண்ணாடியிழையில் செய்து அனுப்பியவை. உள்ளே இருப்பது சாதாரண எஃகுப் பெட்டி. அதே தகடுகளை மறுபடி வார்த்து இன்று எந்தச் சாதாரணப் பிக்கப்பையும் கேமியோ ஆக்கிவிட முடியும். நேர்த்தியாக இருப்பதை வைத்து அசல் என்றும் கரடுமுரடாக இருப்பதை வைத்துப் போலி என்றும் சொல்வது இரண்டுமே தப்பான பாதை.

நான்கு கதவுப் பிக்கப்புகளைப் பற்றி யாரும் பேசவில்லையே? இன்டர்நேஷனல் நிறுவனம் 1957-ல் மூன்று கதவோடு டிராவலெட் கொண்டுவந்தது, நான்கு கதவில் டாட்ஜ் 1963, ஃபோர்டு 1965, செவ்ரலே 1973. அதற்கு முந்தைய நான்கு கதவு அமெரிக்க செவ்ரலே பிக்கப் எதுவானாலும் வெளிப் பட்டறையில் நீட்டியதுதான். எந்தப் பட்டறை என்பதில்தான் சண்டை.

கருப்புச் சட்டம் எழுதியது:

சரி, சின்னம் போதாது. காகிதம்? ஆலைப் பதிவேட்டில் எழுதிக் கேட்டால் முடிந்துபோகிற விஷயத்துக்கு ஏன் மெழுகுத் தாள்?

பழைய வார்ப்பு எழுதியது:

அந்தக் காலத்து அமெரிக்க செவ்ரலே லாரிக்கு அப்படி ஒரு தனிவண்டிப் பதிவேடு எழுதிக் கேட்டால் வருவதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தருவது மாடல் ஆண்டுக்கான பொதுத் தகவல்தான். இன்டர்நேஷனல்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், அவர்களுக்கு லைன் செட்டிங் டிக்கெட் என்று ஒவ்வொரு வண்டிக்கும் உதிரி வாரியாகப் பட்டியல் உண்டு. 1967 முதல் வந்த ஃபோர்டுக்கும் வழி இருக்கிறது. செவ்ரலே லாரிக்குக் கையுறைப் பெட்டிக்குள் தேர்வுப் பட்டியல் ஒட்டும் வழக்கமும் அறுபதுகளில் வந்ததுதான்.

காகிதம் கிடைத்தாலும் அதை எப்படிப் படிப்பது என்பது தனிக் கலை. எனக்குப் பிடித்த உதாரணம் லாரிகூட இல்லை, ஃபோக்ஸ்வாகன். 1952-ல் அவர்களுடைய பிக்கப் வந்தது, ஒற்றைக் கேபின் மட்டும். இரட்டைக் கேபினைத் தாங்களே செய்யத் தொடங்கியது 1958 நவம்பரில். இடையில் லோர்ஷ் நகரத்தின் பின்ட்ஸ் நிறுவனம் 1953 முதல் ஒற்றைக் கேபினை வெட்டி நீட்டி இரட்டைக் கேபினாக்கி விற்றது. அடையாளம் சொல்வதானால், பின் இருக்கைக்கான கதவு பின்புறத்தில் கீல் வைத்து எதிர்ப்பக்கமாகத் திறக்கும்.

இப்போது ஒருவர் தன் 1956 இரட்டைக் கேபினுக்கு ஃபோக்ஸ்வாகனிடம் பிறப்புச் சான்று வாங்குகிறார். அதில் ஒற்றைக் கேபின் பிக்கப் என்று இருக்கிறது. உடனே நாலு பேர் 'போலி' என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். உண்மையான பின்ட்ஸ் வண்டிக்குச் சான்று அப்படித்தான் இருக்க வேண்டும்! ஆலையை விட்டுக் கிளம்பியபோது அது ஒற்றைக் கேபின்தான். போன வாரம் யாரோ கொட்டகையில் வெட்டி ஒட்டிய வண்டிக்கும் அதே சான்றுதான் வரும். ஆலைக் காகிதத்தால் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. தகட்டின் தடிமன், மடிப்பு, கீல், பற்றவைப்பின் கீழே இருக்கும் பழைய பிரைமர் இவைதான் பிரித்துச் சொல்லும்.

அச்சாணிக்கு உதவக்கூடிய காகிதம் ஒன்று உண்டு: பழைய பதிவுச் சான்றில் வண்டியின் வெற்று எடை. முன் அச்சும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்தால் எடை நன்றாகவே கூடும். குடும்பத்திடம் முதல் சில ஆண்டுகளின் பதிவுக் காகிதம் இருக்கிறதா கேளுங்கள். சாலை வரி கட்ட எழுதிய எண்ணில் யாரும் பெருமை பேசியிருக்க மாட்டார்கள்.

அச்சாணி எழுதியது:

பார்த்துவிட்டு வந்தேன். அனைவருக்கும் நன்றி.

வண்டி எண் கன்சாஸ் சிட்டி. தகடும் சட்டமும் ஒத்துப்போகின்றன. எஞ்சின் பிளாக்கில் பி 18 8, பின் டிஃபரன்ஷியலில் பி 11 8. அதாவது 1958 பிப்ரவரி. முன் டிஃபரன்ஷியலில் மெழுகு அச்சு தெளிவாக விழுந்தது: கே 5 6. 1956 நவம்பர் 5.

பற்சக்கர விகிதம் முன்னும் பின்னும் ஒன்றுதான்.

டிரான்ஸ்ஃபர் கேஸின் ஒரு தாங்கியைக் கழற்றினேன். இதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். நட்டுகளின் மேல் பழுப்புத் துரு படிந்திருந்தது. தாங்கியின் ஓரத்தைச் சுற்றி இரண்டு அடுக்கு பெயிண்ட், மேலே சாம்பல், அடியில் கருப்பு. தாங்கியை நகர்த்தியதும் அதன் உருவத்திலேயே ஒரு கருப்புத் திட்டு சட்டத்தில் தெரிந்தது. விரலால் தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கியது. அதற்கு வெளியே கால் அங்குலம் தள்ளிச் சட்டம் முழுவதும் பொரிப்பொரியாக இருக்கிறது. துளைகள் வட்டமாக, பிசிறு அரம்போட்டு நீக்கியவையாக இருக்கின்றன. துளையின் உள்சுவரில் கருப்புப் பெயிண்ட் இல்லை, வெறும் இரும்பு.

சின்னத்தின் துளைகளைப் பின்னாலிருந்து பார்த்தேன். மட்கார்டு உள்பக்கத்தில் ஆலைப் பெயிண்ட் துளை ஓரத்தில் சில்லு சில்லாகப் பெயர்ந்திருக்கிறது. பெயிண்ட் அடித்த பிறகு துளையிட்டிருக்கிறார்கள்.

லீஃப் பட்டை எழுதியது:

முன் அச்சு வண்டியைவிடப் பதினைந்து மாதம் மூத்தது. எனக்கு இதுவே போதும், ஆலையில் பூட்டியது இல்லை.

துரு வேட்டை எழுதியது:

அவசரப்படாதீர்கள். நேப்கோ ஜெனரல் மோட்டார்ஸ் வார்ப்புகளை வாங்கி மினியாபொலிஸில் அச்சாகச் சேர்த்து, பிறகு தொகுப்பாக அனுப்பியது. கையிருப்பில் கிடந்த நாள்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனாலும் பதினைந்து மாதம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

என்னைக் கவர்வது அந்தக் கருப்புத் திட்டு. எழுபதுகளில் பூட்டியிருந்தால் குறைந்தது பன்னிரண்டு ஆண்டு ஓடிய சட்டத்தில் அப்படி ஒரு வழுவழுப்பு கிடைக்காது. சுரண்டிப் புதிதாகப் பெயிண்ட் அடித்துவிட்டுப் பூட்டியிருந்தால் அடியில் துருக்குழியின் வடு இருக்கும். மெக்கானிக்கின் கணக்கு இங்கே விழுந்துவிடுகிறது. துளையின் சுவரில் பெயிண்ட் இல்லை என்பதால் சட்டம் கருப்படித்த பிறகு துளைத்தது உறுதி. வண்டி புதிதாக இருந்தபோதே யாரோ நிதானமாகப் பூட்டியிருக்கிறார்கள்.

பழைய வார்ப்பு எழுதியது:

1956 நவம்பர் வார்ப்பு என்றால் அது 1957 மாடல் வண்டிக்கான தொகுப்பில் கச்சிதமாக உட்காரும். லீஃப் பட்டை மேலே சொன்னதை இதோடு சேருங்கள். 1957 வண்டியில் இருந்த தொகுப்பு, வண்டியை மாற்றும்போது 1958-க்கு இடம் மாறியிருந்தால் எல்லாமே பொருந்துகிறது. பழைய அச்சு, புதிய சட்டம், பெயிண்டுக்குப் பிறகு துளைத்த சின்னம், 'எடுத்தபோதே இப்படித்தான் இருந்தது' என்ற தாத்தாவின் பேச்சு. அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் வேறு பிக்கப் இருந்ததா?

அச்சாணி எழுதியது:

கேட்டேன். இருந்ததாம், மாடல் நினைவில்லை. ஒரு கருப்பு வெள்ளைப் படம் காட்டினார்கள். அதே முகச்சாயலில் ஒரு செவ்ரலே, பக்கத்துக்கு ஒரு முகப்பு விளக்கு. 1958-ல் பக்கத்துக்கு இரண்டாகிவிட்டதால், இது 1955-க்கும் 1957-க்கும் இடைப்பட்ட வண்டி. நான்கு சக்கர வண்டியாக இருந்தால் முன் சக்கரத்தின் நடுவே பெரிய ஹப் துருத்திக்கொண்டு தெரிய வேண்டும். அந்தச் சக்கரத்தை மறைத்துக்கொண்டுதான் ஒரு பையன் நிற்கிறான். மட்கார்டில் சின்னம் இருக்கும் இடமும் வெளிச்சத்தில் வெளுத்துவிட்டது.

பதிவுக் காகிதத்தில் 1961-க்கு முந்தையது எதுவும் கிடைக்கவில்லை. 1961 காகிதத்தில் எழுதியிருக்கும் எடை சாதாரண 3100-ஐவிடத் தெளிவாகக் கூடுதல்.

கருப்புச் சட்டம் எழுதியது:

குடும்பம் சொன்னதில் பாதி உண்மையாகவே நின்றுவிட்டது, எனக்கு மகிழ்ச்சி. ஆனால் 'ஆலைத் தேர்வு' என்று இனி விளம்பரப்படுத்துவது சரியில்லை என்பதையும் ஏற்கிறேன். என்னவென்று எழுதப்போகிறீர்கள்?

டிங்கர் மேசை எழுதியது:

நீங்களே எழுதுவதற்கு முன் என் வேண்டுகோள்: வண்டியின் கோப்பில் முடிவை மட்டும் எழுதாதீர்கள். பார்த்ததை முதலிலும் ஊகத்தைத் தனியாகவும் எழுதுங்கள். அடுத்து வாங்குபவர் ஊகத்தை ஏற்காவிட்டாலும் தாங்கிக்கு அடியில் என்ன இருந்தது என்பது அவருக்கு வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு அதை யாராலும் மறுபடி பார்க்க முடியாது.

அச்சாணி எழுதியது:

இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"1958 செவ்ரலே 3100, கன்சாஸ் சிட்டி. எஞ்சினும் பின் அச்சும் 1958 பிப்ரவரி வார்ப்பு. நேப்கோ தொகுப்பின் முன் டிஃபரன்ஷியல் 1956 நவம்பர் வார்ப்பு. சட்டத்தின் ஆலைப் பெயிண்ட் தேய்வதற்கு முன் பூட்டியது, 1961-க்குள் நான்கு சக்கர வண்டியாகப் பதிவு எடை. ஆலையில் பூட்டியதற்குச் சான்று இல்லை. குடும்பத்தின் முந்தைய செவ்ரலேயிலிருந்து மாற்றியிருக்கலாம் என்பது ஊகம். பூட்டியவர் தெரியவில்லை."

மெழுகு அச்சுகளையும் தாங்கிப் படங்களையும் கோப்பில் வைத்துவிட்டேன். அந்த ஒரு தாங்கி இருந்த இடத்தை மட்டும் பெயிண்ட் அடிக்காமல், மேலே மெழுகு பூசி அப்படியே விடப்போகிறேன். மற்றச் சட்டம் முழுவதும் கருப்பு. சின்னம் அதே துளைகளில் திரும்ப ஏறும்.

துரு வேட்டை எழுதியது:

ஒரே ஒரு திருத்தம். '1961-க்குள் நான்கு சக்கர வண்டியாகப் பதிவு எடை' என்பதை '1961 பதிவில் இரு சக்கர இயக்க வண்டிக்குரிய எடையைவிடக் கூடுதல் எடை' என்று மாற்றுங்கள். எடை கூடியதற்கு வேறு காரணமும் இருக்கலாம், பின்பக்கம் கிரேன் பூட்டிய வண்டிகள் அப்போது ஏராளம். பின் பெட்டியின் தரையில் பெரிய போல்ட் துளைகள் அடைத்த தடம் இருக்கிறதா என்று பெட்டியைக் கழற்றும்போது கீழேயிருந்து பார்த்துவிடுங்கள்.